ஒன்பது ஊசி, இரண்டு ஸ்குரு

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், வாசகரே. இந்தக் கதை பயத்தில் பிறந்தது. மூன்று முறை எழுத ஆரம்பித்து, மூன்று முறையும் ஐந்தாம் பாகத்துக்கு முன்னால் பேனாவை மூடிவிட்டேன். கிழித்துப் போட்ட தொடக்கங்களை மறைக்காமல் தருகிறேன். மறைத்து மறைத்துத்தான் இந்த நிலைமைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: "மயிலாப்பூரில் மார்கழி பிறந்துவிட்டால் தெருவெல்லாம்—"

(போதும். இதைப் படித்துவிட்டு என் மனைவி ஷீலா, மார்கழிக்கும் உன் கதைக்கும் இன்னா சம்பந்தம் என்று கேட்டாள். ஒரு சம்பந்தமும் இல்லை.)

தொடக்கம் இரண்டு: "கம்ப்யூட்டரின் முதுகை நாம் யாரும் பார்ப்பதில்லை. மனிதனுக்கும் அப்படித்தானே, அவனுடைய—"

(பயம் வந்தால் எனக்குத் தத்துவம் வரும். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் மூன்று: "ஒரு மனிதர் கட்டைவிரலால் பேசினார்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பெயர் டில்லிபாபு. பிறந்தது நொச்சிக்குப்பம். தி.நகரில் ஒரு மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சிறுபத்திரிகைகளில் இரண்டு கதை வந்திருக்கிறது, இரண்டையும் ஷீலாவைத் தவிர வேறு யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. இப்போது நடப்பது 1999 டிசம்பர். கதையில் வருகிறவர்களின் பெயர்களை மாற்றிவிட்டேன், யாரையும் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

2

கட்டைவிரலால் பேசுகிறவருக்குப் பஞ்சாபகேசன் என்று பெயர் வைக்கிறேன். ஐம்பத்திரண்டு வயது. இன்சூரன்ஸ் கம்பெனியில் அதிகாரியாக இருந்தவர். நாலு வருடத்துக்கு முன்னால் நரம்பு நோய் வந்தது. முதலில் கை போயிற்று, அப்புறம் கால், கடைசியில் நாக்கு. மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கட்டைவிரல் மட்டும் ஒரு நெல்லளவு அசையும். கச்சேரி சாலைக்குப் பின்னால் தரைத்தள பிளாட்டில், ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருக்கிறார்.

அவர் மனைவிக்கு அபயாம்பாள் என்று பெயர். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கணக்கு டீச்சர். அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டரைச் சரிசெய்யப் போன இடத்தில்தான் எனக்குப் பழக்கம். நான் கிளம்பும்போது வராந்தாவில் நிறுத்தி, ஒரு மாணவனிடம் கேட்பதுபோல நிதானமாகக் கேட்டார்.

"ஆத்துக்காரருக்கு ஒரே ஒரு விரல் அசையறது. அதை வெச்சுண்டு ஏதாவது பண்ண முடியுமாப்பா?"

எட்டு நாள் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினேன். திரையில் தமிழ் எழுத்துகள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வெளிச்சக் கட்டம் வரிக்கு வரி இறங்கிக்கொண்டே வரும். வேண்டிய வரியில் அழுத்தினால் அந்த வரிக்குள் எழுத்து எழுத்தாக நகரும், மறுபடி அழுத்தினால் எழுத்து விழும். விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் மணி அடிக்கும். அழுத்துவதற்குக் காலிங்பெல் பட்டன் ஒன்றைக் கட்டைவிரலுக்கு அடியில் கட்டி, அதிலிருந்து இரண்டு ஒயரை இழுத்து, கம்ப்யூட்டரின் பின்னால் இருக்கும் ஒன்பது ஊசி சாக்கெட்டில் செருகினேன்.

அவர் முதலில் எழுதியது, "ஃபேனைக் குறை." மூன்று மாதமாகக் குளிர்ந்திருக்கிறது, சொல்ல வழியில்லை. மாமி ஃபேனை நிறுத்திவிட்டு அந்த ஸ்விட்சிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

(மேலே "மாமி" என்று விழுந்துவிட்டது. அபயாம்பாள் என்றுதான் எழுத நினைத்தேன். இருக்கட்டும்.)

3

இனி நடந்த விபத்து. சுருக்கமாக.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. வீட்டிலுள்ள புத்தகம், தையல் மெஷின், அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார் மாமி. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பதால், கம்ப்யூட்டரை என்ன செய்வது என்று யோசித்தார். சார் கட்டைவிரலால் எழுதிக் கேட்டார்: "நான் ஒரு நாள் மௌன விரதமா?" மாமி சிரித்துவிட்டு, ஓடுகிற கம்ப்யூட்டருக்கே பொட்டு வைத்தார். திரைக்கு, பெட்டிக்கு, பின்னால் போய் அந்த ஒயர் செருகியிருந்த இடத்துக்கும் ஒன்று. பேசுவது அது வழியாகத்தானே என்பது அவர் எண்ணம்.

மறுநாள் விஜயதசமி. பள்ளிக்கூடத்தில் சின்னக் குழந்தைகளைச் சேர்க்கும் நாள் என்பதால் மாமி இரண்டு மணி நேரம் போய்வர வேண்டியிருந்தது. சமையலுக்கு வரும் தாயம்மா அடுப்படியில் இருந்தார். மணி அடித்தால் ஓடி வர வேண்டும், அவ்வளவுதான் வேலை. பதினோரு மணிவாக்கில் சாருக்குத் தொண்டையில் சளி அடைத்தது. அழுத்தினார். மணி அடிக்கவில்லை. கஞ்சி கொண்டுவந்த தாயம்மாதான் முகம் நீலமாகக் கிடப்பதைப் பார்த்து, மேசையை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு அவரைப் பக்கவாட்டில் புரட்டிப்போட்டார். தெருமுனை டாக்டர் வந்து குழாய் வைத்துச் சளியை உறிஞ்சி எடுத்தார். பிழைத்துக்கொண்டார்.

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போனபோது தாயம்மா சுவரோரம் நின்று, "மணி அடிக்கவே இல்லீங்க, நான் காதத் தீட்டிக்கினுதான் இருந்தேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேசைக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். சந்தனம் துளைக்குள் இறங்கி உலர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது. ஊசியால் சுரண்டி எடுத்தேன். மணி அடித்தது.

அந்த வாரமே மாமி பள்ளிக்கு ராஜினாமா எழுதினார். தலைமை ஆசிரியை அதை வாங்கி மேசை டிராயரில் போட்டு, வருஷக் கடைசி வரை அப்படியே கிடக்கட்டும், மனசு மாறினால் வா என்றாராம். மாமி மாறுகிற மாதிரி இல்லை. சந்தனக் கல்லைக் கழுவித் துடைத்துப் பரணில் போட்டுவிட்டார். தாயம்மா வந்து கட்டிலருகே உட்கார்ந்தால்தான் குளிக்கப் போகிறார். அதுவும் கதவைச் சாத்தாமல்.

4

இந்தப் பாகம் கட்டுரை மாதிரி இருக்கும். வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். (தாண்ட வேண்டாம். நான் ஐந்தாம் பாகத்துக்குப் போகாமல் இருக்கத்தான் இதை இவ்வளவு நீட்டுகிறேன். கொஞ்ச நேரம் கூட இருங்கள்.)

நவம்பரில் மாமியின் தம்பி அமெரிக்காவிலிருந்து புதுக் கம்ப்யூட்டர் கொண்டுவந்து இறக்கினார். ஜனவரி ஒன்றாம் தேதி பழைய கம்ப்யூட்டருக்கெல்லாம் வருஷம் குழம்பிப் புத்தி பிசகிவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருக்கிற சமயம். பெட்டி பார்க்க அழகாக இருந்தது. திருப்பிப் பார்த்தால், ஒன்பது ஊசி சாக்கெட்டே இல்லை. புது மாதிரி தட்டையான வாய்கள் மட்டும். மாமிக்கு அதில் நிம்மதி. சந்தனம் இறங்குகிற துளையே இல்லாத கம்ப்யூட்டர். இன்றைக்கே மாற்றிக் கொடு என்றார். முடியாது மாமி என்றேன்.

"அந்தப் பழசை லோகத்துல இன்னும் யார்தான் வெச்சுண்டிருக்கா?"

அன்றைக்கு ஏதோ உளறிவிட்டு வந்தேன். சரியான பதிலை இப்போது எழுதுகிறேன்.

எல்லாரும்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். பாண்டி பஜாரில் ஒரு நகைக்கடைத் தராசு இந்த சாக்கெட் வழியாகத்தான் எடை சொல்கிறது. அடையாறில் ஒரு லேபில் ரத்தம் பார்க்கிற மெஷின் இது வழியாகத்தான் ரிப்போர்ட் அனுப்புகிறது. கம்ப்யூட்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம். தராசையும் மெஷினையும் அப்படி மாற்ற முடியாது, அவை நன்றாக உழைத்துக்கொண்டிருக்கின்றன, முத்திரை வாங்கியிருக்கின்றன, ஆட்கள் அதில் பழகிவிட்டார்கள். ஆகவே புது ஆள் யார் வந்தாலும் பழைய ஆளின் பேச்சைக் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் எனக்கு ரொம்பப் பிடித்தது. புது சாக்கெட்டில் எதைச் செருகினாலும், நீ யார், எந்தக் கம்பெனி, உன் நம்பர் என்ன என்று விசாரிக்கும். ஒழுங்காகப் பதில் சொல்லாவிட்டால் உள்ளே விடாது. பழையது யாரையும் அப்படிக் கேட்பதில்லை. ஒன்பது ஊசியில் இரண்டு ஊசி ஒன்றையொன்று தொட்டால் போதும், சேதி வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். ஒரு காலிங்பெல் பட்டனால் அவ்வளவுதான் முடியும். சாருடைய கட்டைவிரலாலும் அவ்வளவுதான் முடியும்.

மூன்றாவது காரணம், ஸ்குரு. பழைய செருகியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஸ்குரு உண்டு. முடுக்கிவிட்டால் மேசையே கவிழ்ந்தாலும் கழன்று வராது. புதியதில் ஸ்குருவே கிடையாது, லேசாக இழுத்தால் கையோடு வந்துவிடும்.

(மூன்றாவது காரணத்தை நாலு முறை அடித்து அடித்து எழுதினேன். கையெழுத்துப் பிரதியைப் பார்த்திருந்தால் உங்களுக்கே தெரிந்திருக்கும்.)

5

மூன்றாம் பாகத்தில் ஒரு வரி பொய். "சந்தனம் துளைக்குள் இறங்கி உலர்ந்து அடைத்துக்கொண்டிருந்தது" என்ற வரி.

சந்தனம் துளைக்குள் இறங்கவே இல்லை. செருகியின் மேல் மூடியில் ஒரு பொட்டாக, உலர்ந்து வெடித்து, குங்குமத்தோடு அப்படியே இருந்தது. செருகிதான் அரை விரல் அளவு வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் அந்த ஸ்குருவை முடுக்குவதில்லை. அடுத்த முறை கழற்ற வேண்டும் என்றால், மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், தூசியைத் தின்றுகொண்டு, விரல் நுனியால் திருகிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அழுத்திச் செருகிவிட்டு எழுந்துவிடுவோம். மெட்ராஸில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் எல்லாருக்கும் கம்ப்யூட்டரைத் திறந்து தூசி ஊதித் தர வேண்டும். எங்களுக்கு அதுதான் வருஷத்திலேயே மும்முரமான வாரம். பூஜைக்கு மூன்று நாள் முன்னால் சார் வீட்டுக்கும் போனேன். ஊதினேன், ஒயரைச் செருகினேன், எழுந்துவிட்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது ஸ்குரு ஞாபகம் வந்தது. ஆமாம், வந்தது. அடுத்த கஸ்டமர் மந்தைவெளியில் காத்திருந்தார்.

ஒயரின் கனத்திலேயே செருகி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. விஜயதசமியன்று காலை கழன்றிருக்கிறது.

அடுத்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் தினமும் பார்க்கிறேன். தொண்டை அடைக்கிறது. கட்டைவிரல் அழுத்துகிறது. மணி இல்லை. விட்டுவிட்டு மறுபடி அழுத்துகிறது. பத்தடி தூரத்தில் தாயம்மா தாளிக்கிற சத்தம் அவருக்குக் கேட்கிறது. அவர் அழுத்திக்கொண்டே—

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியாது.)

இனி நான் செய்தது. மேசைக்குப் பின்னால் குனிந்து, செருகி தொங்குவதைப் பார்த்தேன். ஒரு ஆளைக் கொன்றிருப்பேன். குப்பத்துப் பையனை நம்பி வீட்டுக்குள் விட்டார்கள், அவன் செய்த வேலையைப் பார் என்று நாலு பேர் பேசுவது என் காதிலேயே விழுந்தது. சத்தமில்லாமல் செருகியைத் திரும்ப அழுத்தினேன். அப்போது என் தலைக்கு மேலே மாமி கேட்டார்.

"நான் சந்தனம் இட்டேனே, அதனாலயா?"

குரல் உடைந்திருந்தது. பொய்யை நான் தேடிப் போகவில்லை, அது தானாக என் கைக்கு வந்தது.

"ஆமா மாமி. உள்ள எறங்கிடுச்சு."

அப்புறம் பத்து நிமிஷம், சுத்தமாக இருந்த துளைகளை ஊசியால் சுரண்டி நடித்தேன். நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். தாயம்மா புரட்டிப் போட்டதில் சார் இந்தப் பக்கமாகப் படுத்திருந்தார். மேசையும் தள்ளிப்போய், கம்ப்யூட்டரின் முதுகு அவர் முகத்துக்கு நேராக இருந்தது. கண் திறந்திருந்தது. செருகி தொங்கியதை அவர் பார்த்திருக்கிறார். நான் அழுத்தியதைப் பார்த்திருக்கிறார். நான் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

அன்றிலிருந்து எனக்கு அந்தக் கட்டைவிரலைக் கண்டால் பயம்.

6

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிருந்தேன். கம்ப்யூட்டரில் தேதியை 2000க்குத் தள்ளிவைத்துப் பார்த்தேன், புரோகிராம் ஒழுங்காக ஓடியது. மாமி என்னைக் கட்டிலருகே இருக்கச் சொல்லிவிட்டுக் காபி கலக்கப் போனார். நானும் சாரும் தனியாக இருந்தோம்.

வெளிச்சக் கட்டம் இறங்கத் தொடங்கியது. உயிரெழுத்து வரி போயிற்று. க வரி போயிற்று. த வரி, ப வரி எல்லாம் போயிற்று. கட்டைவிரல் அசையவில்லை. ஒரு வரிக்கு ஒன்றரை விநாடி. கடைசி வரியில் ஜ, ஷ, ஸ, ஹ. அதிகம் தேவைப்படாது என்று அவற்றைக் கடைசியில் வைத்தவன் நான்தான். கட்டம் அங்கே வந்ததும் அழுத்தினார்.

ஸ் என்று விழுந்தது.

ஸ்டவ்வாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்லோகமாக இருக்கலாம். கட்டம் மறுபடி மேலேயிருந்து இறங்கி வந்தது. கு விழுந்தது. உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. மறுபடி இறங்கியது. ரு.

வாசகரே, என் கை மேசைக்குப் பின்னால் போயிற்று. ஒயரைப் பிடுங்கத்தான் போயிற்று. பிடுங்க முடியவில்லை. அக்டோபருக்குப் பிறகு நான் எந்த வீட்டிலும் ஸ்குருவை முடுக்காமல் எழுவதில்லை, இந்த வீட்டில் ஸ்குருடிரைவர் வைத்து முடுக்கியிருந்தேன். இரண்டு ஸ்குருவும் என் கையிலிருந்து அவர் பேச்சைக் காப்பாற்றின. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாமி வருகிற காலடிச் சத்தம் கேட்டது. சார் என்னைப் பார்த்தார். அழிக்கும் கட்டத்தில் மூன்று முறை அழுத்தினார். ரு போயிற்று, கு போயிற்று, ஸ் போயிற்று. மாமி உள்ளே வந்தபோது திரை காலியாக இருந்தது. அப்புறம் மெதுவாக எழுதினார்: "டில்லிக்குக் காபி."

"கொண்டுண்டுதானே வரேன், அதுக்குள்ள என்ன அவசரம்" என்றார் மாமி.

நான் அந்தக் காபியை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

ஏன் அழித்தார்? மூன்று முடிவு யோசித்தேன்.

முடிவு அ: பெரிய மனசு. மன்னித்துவிட்டார். (இது எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே நம்பிக்கை வரவில்லை.)

முடிவு ஆ: நானே சொல்லட்டும் என்று விட்டுக்கொடுத்தார்.

முடிவு இ எனக்குத் தோன்றவில்லை. கதையை இதுவரை படித்துக் காட்டியபோது ஷீலா சொன்னாள். முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"அவரு உன்னப் பாத்து பயந்துகினு கீறாருய்யா. நீ கோச்சிகினு வராத பூட்டா, அந்த மெஷின யாரு பாப்பாங்க? அவரு எப்டிப் பேசுவாரு?"

நான் எழுந்து போய்த் தெருவில் நின்றேன். புரோகிராம் என் தலையில் இருக்கிறது. எந்த ஊசி எதைத் தொட வேண்டும் என்பது எனக்கு மட்டும் தெரியும். இரண்டு மாதமாக அவர் விரலைக் கண்டு நான் நடுங்கிக்கொண்டிருக்கிறேன். அவர் படுத்த இடத்தில் என்னைக் கண்டு நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவருடைய வாய் என் பையில் இருந்தது.

7

இந்தக் கதையில் இன்னும் இரண்டு பொய் பாக்கி இருக்கிறது.

பெயர்களை மாற்றிவிட்டேன் என்றேன். எதையும் மாற்றவில்லை. இரண்டாம் பக்கத்திலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்புறம், வாசகரே, வாசகரே என்று முதல் வரியிலிருந்து ஊருக்குப் பொதுவாகக் கூப்பிடுவதுபோல் பாவனை செய்தேன். நான் கூப்பிட்டது உங்களைத்தான், மாமி. இது எந்தப் பத்திரிகைக்கும் போகவில்லை. இருப்பது இந்த ஒரே பிரதிதான். என் கடைப் பிரிண்டரில் அடித்தேன்.

முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கதை என்று சொல்லிக் கொடுத்தால் கடைசி வரை படிப்பீர்கள் என்று நினைத்தேன்.

இத்தோடு ஒரு தாள் இணைத்திருக்கிறேன். பட்டன் ஒயர் ஏழாவது ஊசிக்கும் எட்டாவது ஊசிக்கும் போகிறது, அந்த இரண்டும் தொட்டால் போதும். புரோகிராமை இரண்டு ஃப்ளாப்பியில் போட்டு ஒன்றை உறையில் வைத்திருக்கிறேன். இன்னொன்று ரிச்சி தெருவில் மெஹபூப் அலி என்பவரிடம் இருக்கிறது. என்னைவிட நல்ல வேலைக்காரர். அவருக்கு எல்லாம் காட்டிக்கொடுத்துவிட்டேன், கூப்பிட்டால் அன்றைக்கே வருவார். இதை சாருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நான் இல்லாமலேயே அவர் பேசலாம். இனிமேல் அவர் என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் எழுதலாம்.

உங்கள் சந்தனம் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒயரைப் பிடித்து நீங்களே இழுத்துப் பாருங்கள், அசையாது. வருஷம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. உங்கள் ராஜினாமாக் கடிதம் டிராயரில்தான் கிடக்கிறது.

முடிவை நான் எழுதவில்லை. கணக்கு டீச்சரிடம் விடையையும் சேர்த்து எழுதிக் கொடுக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

இந்தப் பக்கத்தை நீங்கள் படிக்கும்போது நான் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் உள்ளே வருகிறேன். போய்விடு என்று சொல்ல வேண்டுமானால் நீங்கள் எழுந்து வர வேண்டாம், சாரை விரலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், கிளம்பிவிடுகிறேன். செருப்பை வாசலில் தெருவைப் பார்க்கத்தான் விட்டிருக்கிறேன். மணி இந்தத் தடவை கட்டாயம் அடிக்கும்.